செருப்புச் சக்கரம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி செருப்புக்குத் தீர்ப்புச் சொன்னேன். 'இது வேஸ்ட். வெட்டலாம்!' அந்த ஒரு வார்த்தையால் ஒரு கல்யாணமே நின்றுபோக இருந்தது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் அண்ணன் வீடு. அண்ணன் மகள் சங்கீதாவைப் பெண் பார்க்கத் தாமலிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சங்கீதாவுக்கு இருபத்தொன்பது வயது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். கெட்டிக்காரி. ஆனால் என்ன? இதற்கு முன்னும் சிலர் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், 'வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டு போன் பண்றோம்' என்றார்கள். போன் வரவில்லை. அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் தெரியாதவர் தமிழ்நாட்டில் உண்டா?

காலையில் தலைவாரிக்கொண்டே சொல்லிவிட்டாள். "அத்தே, இதான் கடைசி. இவங்களும் போன் பண்றோம்னு சொன்னாங்கன்னா இனிமே பட்டுப் புடவை கட்டிக்கினு யார் எதிர்லயும் வந்து நிக்க மாட்டேன்." அழவில்லை, கோபப்படவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் என்னவோ போல ஆகிவிட்டது.

எனக்கு அன்று ஒரே ஒரு வேலை. பிள்ளைகளைப் பின்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக என் தம்பி மகள் கீர்த்தியை. எட்டு வயது. போன தடவை வந்தவர்கள் நடுவில் போய் நின்று, "போன மாசம் வந்தவங்களுக்கும் இதே கேசரிதான்" என்று அறிவித்தவள். அதனால் ஹாலுக்குள் அவளுக்கு நூற்று நாற்பத்துநான்கு தடை உத்தரவு.

சும்மா உட்கார் என்றால் உட்காருமா? "வேஸ்ட்டான சாமானையெல்லாம் கொண்டாங்க, பொம்மை செய்யலாம்" என்றேன். அவ்வளவுதான்! ஷாம்பு பாட்டில், ஜூஸ் ஸ்ட்ரா, ஊதுவத்தி டப்பா, கிழிந்த குடை, ஒரு கட்டு பழைய கல்யாணப் பத்திரிகை — கிணற்றடியில் ஒரு குட்டிச் சந்தையே கூடிவிட்டது. ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள், நான் 'வேஸ்ட்' அல்லது 'இல்லை' என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். அண்ணியின் புது டிபன் பாக்ஸ் மூடியைக் காப்பாற்றினேன். டிவி ரிமோட்டைக் காப்பாற்றினேன். இதற்குள் தாமல்காரர்கள் வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பத்திரிகை அட்டையில் கிளி பறந்தது. ஊதுவத்தி டப்பா ராக்கெட் ஆனது. ஆனால் கீர்த்திக்கு வண்டிதான் வேண்டும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை நீளவாக்கில் வெட்டித் தொட்டி செய்தாள். குடைக்கம்பி அச்சு. பாட்டில் மூடிதான் சக்கரம். மண்ணில் இழுத்தால் சுற்றவே இல்லை, வழுக்கிக்கொண்டே வந்தது.

"இரு அத்தே, வரேன்" என்று ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. குதிகால் பக்கம் காகிதமாகத் தேய்ந்திருந்தது. வார் அறுந்து, பின்னூசி போட்டிருந்தது.

"எங்க எடுத்த?"

"செம்பருத்திச் செடியாண்ட ஓரமா கெடந்துச்சி அத்தே."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இதையெல்லாம் எவன் போடுவான்? வேஸ்ட்!" என்று சொல்லி, மூடியை வைத்து வட்டம் போட்டு, ஆக்ஸா பிளேடால் நானே வெட்டினேன். ஒன்றுக்கு இரண்டாக, இரண்டு செருப்பிலிருந்து நான்கு சக்கரம். ரப்பர் மண்ணைக் கவ்வியது. வண்டி ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளைகளோடு நானும் கத்தினேன்.

அப்போதுதான் ஜன்னல் வழியாக ஹாலிலிருந்து அந்தக் குரல் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா. "அப்போ நாங்க கெளம்பறோம். வூட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டு... போன் பண்றோம்."

போச்சு. சங்கீதா உள்ளே புடவை மாற்றப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

அடுத்த நிமிடம் வாசலில் மாப்பிள்ளையின் அப்பா குரல். "என் செருப்ப எங்க காணோம்?"

அண்ணன் குனிந்து தேடினார். தம்பி தெருவரைக்கும் போய்ப் பார்த்தான். "நாய் கவ்விக்கினு போச்சா?" என்றார் ஒருவர். "எப்பவும் தனியா ஓரமாதாங்க வுடுவேன், அந்தச் செடியாண்ட..." என்றார் பெரியவர்.

எனக்குப் புரிந்துவிட்டது. கீர்த்தியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவள் எப்போதோ முன்வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள் — வண்டியோடு. நானும் பின்னாலேயே ஓடினேன். "வழி வுடுங்க, வழி வுடுங்க!"

பெரியவர் வண்டியைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். நீல நிறத்தை அடையாளம் கண்டுகொண்டார்.

"இது இன்னாம்மா?"

"வேஸ்ட் செருப்புல செஞ்சது தாத்தா! அத்தைதான் வெட்டுச்சி. இதையெல்லாம் எவன் போடுவான்னு அத்தையே சொல்லிச்சி!"

பெண் பார்க்க வந்தவரின் செருப்பை வெட்டி, அதற்கு மேல் 'எவன்' என்றும் சொன்னால்... நம்ம ஊரில் இதைவிட வேறு அவமரியாதை வேண்டுமா? அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். "புதுசா ரெண்டு ஜோடி பொட்டியிலயே கீது! இத்த தூக்கிப் போடுன்னு நான் ஒருத்தி கத்திக்கினே கீறேன். இப்போ இன்னா சொல்றீங்க?"

"கால் பயகிடுச்சி" என்று முனகினார் பெரியவர்.

"நம்ம வூட்டுக்கு வந்தவர வெறுங்காலோட அனுப்ப முடியுமா? உக்காருங்க, உக்காருங்க" என்று அண்ணன் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். தம்பி பைக்கை எடுத்தான். அளவுக்கு வேறு செருப்பு ஏது? வட்ட வட்டமாக ஓட்டை விழுந்த அதையே பையில் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் பஜாருக்குப் பறந்தான். கிளம்பியவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். கேசரி காலி, அண்ணி மோர் கலக்கப் போனார்.

செருப்புக் கடைக்காரருக்கு நான் கோயில் கட்ட வேண்டும். முதலில் கொடுத்தனுப்பியது சின்னதாகிவிட்டது. தம்பி இன்னொரு தடவை போனான்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை தினேஷ் எழுந்து பின்பக்கம் வந்தார். ஹாலில் வாயே திறக்காதவர். கீர்த்தியின் வண்டியை இழுத்துப் பார்த்தார். "ஒரு பக்கமா இழுக்குதே."

மோர் கொண்டு வந்த சங்கீதா நின்றாள். புடவை மாற்றியிருக்கவில்லை. "பின்னாடி வீலப் பாருங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. யாரு வெட்னது?"

அத்தனை பிள்ளைகளும் என்னைக் கை காட்டின.

"ரிஜெக்ட்!" என்றாள் சங்கீதா.

தினேஷுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. அவருக்கும் அந்தப் பாஷை தெரியும். "ரிஜெக்ட் வாணாங்க. ரீவொர்க் பண்ணிடலாம்" என்றார்.

அவள் சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பெரிய சக்கரத்தைத் துணி துவைக்கிற கல்லில் தேய்த்தாள். அவர் குடைக்கம்பியை நிமிர்த்தினார். கம்பெனி, ஷிப்ட், சூப்பர்வைசர் தொல்லை... பேச்சு ஓடியது. ஹாலில் பெரியவர்கள் பயோடேட்டாவில் இருப்பதையே திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே இரண்டு பேர் ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றது எனக்கே தெரியவில்லை. "வூட்ல கூட இவ்ளோ பேச மாட்டாம்மா இவன்" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் ஹாலுக்குப் போய் அண்ணனிடம் சொன்னது கிணற்றடி வரைக்கும் கேட்டது. "ஏங்க, போன் எதுக்குங்க? ரெண்டு பேரையும் இங்கயே ஒரு வார்த்த கேட்டுடலாமே."

கேட்டார்கள். இரண்டு பேரும் சரி என்றார்கள்.

புதுச் செருப்பு வந்தது. பெரியவர் போட்டு நாலு அடி நடந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார். காரில் ஏறும் முன் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "வரோம் சம்பந்தி" என்றார். அண்ணன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

யோசித்துப் பார்க்கிறேன். 'வேஸ்ட்' என்று சொல்ல நமக்கு எவ்வளவு அவசரம்! ஒரு பின்னூசியைப் பார்த்து நான் சொன்னேன். இருபத்தொன்பது வயதைப் பார்த்து ஊர் சொன்னது. கீர்த்தி மட்டும்தான் உருப்படியான கேள்வியைக் கேட்டாள் — இதை வைத்து என்ன செய்யலாம்?

தேதி குறித்ததும் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்கள் புதுச் செருப்பில் வரவும்... கீர்த்தி அடுத்தது லாரி செய்யப்போகிறாளாம். பத்து சக்கரம்!