ராத்தாவும் நானும் இருந்த இருப்பு

என் வலது கால் முன்னெலும்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருக்கிறது என்று புத்தளத்து டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொன்னார். அந்த எலும்பைவிட அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு வலித்தது. இந்த வருஷம் மாகாணப் போட்டியை மறந்துவிட வேண்டும். மீறி ஓடினால் எலும்பு இரண்டாகப் போகும், பிறகு ஆயுசுக்கும் நொண்டித்தான் திரிய வேண்டும். "கொஞ்ச நாளைக்கு சும்மா இருங்க தம்பி" என்றார், ஏதோ தண்ணீர் குடிக்கிற மாதிரி லேசான வேலையைச் சொல்வதுபோல.

கற்பிட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கடற்கரையில்தான் நான் தினமும் ஓடுவேன். அது யுத்த காலம். ஓடுகிற ஆளைக் கண்டாலே சந்தேகம் வரும். அதனால் கரையிலிருந்த ராணுவக் காவலரணைத் தாண்டும்வரை மெல்ல நடந்து, சிப்பாய்க்குக் கையை அசைத்து முகத்தைக் காட்டிவிட்டுத்தான் ஓட்டத்தைத் தொடங்குவேன். புதுச் சிப்பாய் வந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இவ்வளவு பாடுபட்டு ஓடியவனைத்தான் சும்மா இருக்கச் சொன்னார்கள்.

வீட்டில் எனக்கு முன்பே ஒருவர் இருக்கத் தொடங்கியிருந்தார். என் ராத்தா, அதாவது அக்கா. மீன்பிடிக்கப் போன அவர் புருஷன், என் மச்சான், கடலில் சூடுபட்டு மௌத்தாகியிருந்தார். யார் சுட்டது என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. ராத்தா இத்தாவில் இருந்தார். புருஷனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுப் படி இறங்காமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கிற இருப்பு அது. வெள்ளைப் புடவை, அறைவாசலில் ஒரு திரைச்சீலை. கூடப்பிறந்தவன் என்பதால் நான் உள்ளே போகலாம். உம்மா ஒரு சாக்கு வெங்காயத்தை எங்கள் நடுவில் கொட்டி, தாளைச் சேர்த்துப் பிடி பிடியாகக் கட்டச் சொன்னார்.

நான் டாக்டரைத் திட்டினேன், காலைத் திட்டினேன், கட்டிய பிடி அவிழ்ந்தால் வெங்காயத்தைச் சுவரில் எறிந்தேன்.

"வெங்காயம் ஒனக்கு என்னடா செஞ்சிச்சு?" என்றார் ராத்தா.

"எப்படி ராத்தா ஒங்களுக்கு இப்பிடி இரிக்க ஏலுது?"

"ஆரு இரிக்கிற? நான் கடக்கரையிலதான் நிக்கிறன். நீதான் வீட்டுக்குள்ள கெடக்கிறாய். வாய மூடிட்டுக் கேளு."

வாயை மூடினேன். இரவில் கடலுக்குப் போகத் தடை இருந்த நாட்கள் அவை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைக்கு வந்தன. தலை நிமிராமலே ராத்தா சொல்லிக்கொண்டு போனார். இது மூலைவீட்டாருடையது, இன்ஜின் இருமுது. இது பாரத்தோட வருது, இண்டைக்கு மீன் இரிக்கி. இதுல புதுசா ஒரு ஆள் சுக்கான் பிடிக்கிறான், அலையக் குறுக்கால வெட்டுறான். சாயங்காலம் வாப்பா வந்து சொன்ன செய்திகள் அப்படியே பொருந்தின. பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் ஓடியவன் நான், எனக்கு என் மூச்சைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை.

பிறகு இன்னொன்றையும் கண்டேன். கடைசி போட் கரையேறிச் சத்தம் அடங்கிய பிறகும் ராத்தாவின் கை வெங்காயத்தில் அப்படியே நிற்கும். இன்னும் ஒன்று வரவேண்டும் என்பதுபோல முகம் கொஞ்சம் திரும்பியிருக்கும். ஒன்றும் வராது. அடுத்த வெங்காயத்தை எடுப்பார். ஒவ்வொரு நாளும் இதே நடந்தது. அந்த நேரத்தில் மூச்சுவிடவும் எனக்குப் பயமாக இருந்தது. இப்படியும் ஒரு மனுஷியால் இருக்க முடியுமா என்று நான் மலைத்துப்போன நாட்கள் அவை.

மாகாணப் போட்டிக்கு ஆள் தெரிவு செய்கிற காலையில் எனக்குப் பொறுக்கவில்லை. வலி குறைந்திருந்தது. காற்சட்டையை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டேன். திரைக்குப் பின்னால் ராத்தா ஓதிக்கொண்டிருந்தார். என் காலடி அவருக்குக் கேட்டிருக்கும், ஆனாலும் ஓதலை நிறுத்தவில்லை. போகாதே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், என் குணத்துக்கு, நான் போயேயிருப்பேன். ஒன்றும் சொல்லாததால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, உள்ளே போய் வெங்காயத்துக்கு முன்னால் குந்தினேன்.

இத்தா முடிந்த காலை ராத்தா குளித்துப் பச்சைப் புடவை கட்டினார். ஏழைகளுக்குச் சோறு கொடுத்தார்கள். சொந்தக்காரப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுது தீர்த்த பிறகு, "தம்பி, கடலப் பாக்கணும்" என்றார். நடக்கலாம், ஓடத்தான் இன்னும் கூடாது என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் நடந்தோம்.

ஈர மணலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அலை வந்து கால் நனைத்தது. சட்டென்று ஓடத் தொடங்கினார். என் ராத்தா ஓடுவதை நான் அதுவரை பார்த்ததேயில்லை. முந்தானை பின்னால் பறக்க, நேராக, தயக்கமில்லாமல், இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தாரோ அந்த வேகத்தை! யா அல்லாஹ், என்ன அழகு என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் காவலரணைக் கண்டேன். எழுந்து நின்றது புதுச் சிப்பாய். துப்பாக்கி தோளிலிருந்து கைக்கு வந்து நீண்டிருந்தது. ராத்தா அவனை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தார். என் கால் துடித்தது. ஓடிப்போய்ப் பிடித்திருப்பேன், எலும்பு போனால் போகட்டும். ஆனால் நானும் ஓடினால் அவன் கண்ணுக்கு ஓடுகிறவர்கள் இரண்டு பேராகிவிடுவோம். நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் தூக்கி, "மகே அக்கா! மகே அக்கா!" என்று, என் அக்கா என்று, சிங்களத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் ஒரு இடத்தில் நின்றதில்லை.

சிப்பாய் என்னைப் பார்த்தான். ராத்தாவைப் பார்த்தான். துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது.

ராத்தாவுக்கு எதுவும் தெரியாது; ஓடும்போது அவருக்கும் தன் மூச்சைத் தவிர வேறெதுவும் கேட்டிருக்காது. ஓடி முடித்துத் திரும்பி வந்தார், மூச்சு இரைக்க, முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக.

"என்னடா, கையத் தூக்கிட்டு நிக்கிறாய்?" என்றார்.