நாகராசு மூச்சுவிடாத நேரம்

தேநீர் வடிகட்டியின் விளிம்பை ஒற்றை விரலால் தட்டும்போது நாகராசு மூச்சு விடுவதில்லை. விட்டால், சின்ன வெள்ளித் தகட்டின்மேல் மாவுபோலப் படிந்திருக்கும் நீலக் கண்ணாடித் தூள் பறந்துவிடும். முதல் வகுப்பில் "சரியா இருக்கா டீச்சர்?" என்றுதான் கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த ஆறு பேருக்கும் மூக்கு நீலமாகிவிட்டது. அதில் ஒரு அம்மாளுக்கு இன்னமும் தும்மினால் நீலம் வருவதாகக் கேள்வி.

ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்க்கிறவர். கம்ப்ரசரோடு போட்டி போட்டே வளர்ந்த குரல். ஆலங்குடியில் அவர் ரகசியம் பேசினால், புதுக்கோட்டை பேருந்தில் ஏறியவர்கள் தங்களைத்தான் யாரோ கூப்பிடுவதாக நினைத்து இறங்கிவிடுவார்கள். எதையும் அடிக்கணக்கில்தான் சொல்வார். தலைவலி வந்தால்கூட, "அறுநூறு அடிக்குக் கீழருந்து வலிக்குதுங்க" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஏழு மாதமாகச் சனிக்கிழமைதோறும் புதுக்கோட்டைக்குப் போகிறார். வெள்ளியில் நகை அறுத்து, அதன்மேல் கண்ணாடி வண்ணத்தை உருக்கி ஏற்றும் வேலையைக் கற்றுக்கொள்கிறார். சொல்லிக்கொடுக்கும் சுகுணாவுக்கு அவர் வயதில் பாதிதான்.

"அண்ணே, மூச்ச விடாதீங்க."

"விடலைன்னா செத்துருவேனே, டீச்சர்."

"தூளு உருகுனப்பறம் மொத்தமா விட்டுக்கங்க."

நூல்போன்ற ரம்பத்தை முதல் மாதத்தில் முப்பத்தொன்று ஒடித்தார். துளை போடும் நாளில் மட்டும் வகுப்பே அவரைச் சுற்றி நிற்கும். வெள்ளித்தூளை விரலில் தேய்த்துப் பார்த்து, "ஈரம் வரலையே" என்று உதட்டைப் பிதுக்குவார்.

இத்தனை பாடும் ஒரு ஜோடித் தோட்டுக்காக. தங்கை ரம்யாவின் மகள், மூன்று வயதுக் காவ்யாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். தோடும் அவன் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும்.

"ரம்யா கல்யாணத்தன்னைக்கு ஆந்திராவுல எண்ணூறு அடில தொள போடுற பிட்டு மாட்டிக்கிச்சு, டீச்சர். வர முடியல. அண்ணன் செய்ய வேண்டியதையெல்லாம் சித்தப்பா மகன் செஞ்சான். இதுலயாச்சும் என் கை இருக்கணும்ல."

ரம்யாவின் மாமியார் மருதாயிக்கு இதில் நம்பிக்கை இல்லை. கடைத் தங்கத்தில் ஒரு ஜோடி வாங்கிச் சுருக்குப்பையில் முடிந்து வைத்திருந்தார். "போரு போடுற தம்பி செய்யிற தோடு. புள்ள காதுல கெணறு வெட்டாம இருந்தாச் சரி."

காதுகுத்துக்கு முந்தைய நாள் முதல் தோடு உலையிலிருந்து மீன்கொத்தி இறகு நிறத்தில் வந்தது. இரண்டாவது உள்ளே கனிந்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. கொடும்பாளூர் வயலில் தண்ணீர் வந்துவிட்டதாம். "எத்தன அடி?" என்று நாகராசு கேட்டு, பதிலையும் கேட்டு, சிரித்தும் விட்டுத் திரும்புவதற்குள் உலை தன் வேலையைக் காட்டிவிட்டது. நீலம் பச்சையாகப் பழுத்திருந்தது.

"இன்னொண்ணு செய்ய ரெண்டு நாளாகுமேண்ணே" என்றாள் சுகுணா.

"ஒரே ஊர்ல ரெண்டு போரு ஒரே தண்ணியா குடுக்குது, டீச்சர்?" என்று சிரிக்கப் பார்த்தார். குரல் மேசையைக்கூடத் தாண்டவில்லை.

மறுநாள் அய்யனார் கோயிலில் காவ்யா அவர் மடியில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். ஆசாரி ஊசியைத் துடைத்தார். நாகராசு டப்பாவைத் திறந்ததும் சுற்றி நின்ற கூட்டம் எட்டிப் பார்த்தது. ஒன்று நீலம், ஒன்று பச்சை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மருதாயியின் கை இடுப்புக்குப் போனது. ரம்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

மருதாயி டப்பாவை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"காதுக்குள்ள போற கம்பி?"

"தங்கந்தான் அத்தே. எம் மோதரத்த உருக்குனது."

தோட்டின் விளிம்பில் நகத்தை ஓட்டினார். பின்பக்கத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். எங்கேயும் கீறவில்லை. அரைகுறையாக அவிழ்ந்திருந்த சுருக்குப்பையை இழுத்து முடிந்தார்.

"இதுல வலக்காதுக்கு எது தம்பி?"

நாகராசு வாயைத் திறந்தார். மூச்சு வெளியே வரவில்லை. ஒற்றை விரலால் பச்சையைத் தொட்டார். பிறகு அதே விரலால், ஊதினால் பறந்துவிடும் என்பதுபோல, காவ்யாவின் வலக்காது மடலைத் தொட்டார்.