ராணி ஏன் கத்தியது

ராணி முதன்முதலில் தொண்டை கிழியக் கத்தியது, மாப்பிள்ளை வீட்டிலிருந்தே பேசும் ஆபீஸ் மீட்டிங் நடுவில். பதினான்கு வயதுப் பூனை. அதுவரை அமெரிக்காவில் எங்கள் ஃப்ரீமான்ட் வீட்டில் அது இருப்பதே தெரியாது. அன்றிலிருந்து பகலெல்லாம் கத்தல்தான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் நாமக்கல்லில் தனியாளாக லாரிப் பட்டறை நடத்தி முன்னுக்கு வந்தவன். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வேன். எனக்குப் பூனை எம்மாத்திரம்? பசி என்று தீர்ப்பு சொல்லி, கத்தும்போதெல்லாம் தீனி வைத்தேன். கத்தினால் தீனி வரும் என்று கற்றுக்கொண்டு ராணி இன்னும் கத்தியது. உங்கள் வீட்டில் இப்படிச் செய்துகொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

“மாமா, வீட்டுல கொழந்த அழுவுதான்னு கிளையன்ட் கேக்கறாங்க. இந்த மாசத்துக்குள்ள சரியாவலைன்னா யாருக்காச்சும் குடுத்துடலாம்” என்றார் மாப்பிள்ளை செந்தில். மகள் கவிதா ராணியை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கல்யாணத்துக்கு முன்பு, இங்கே தனியாக இருந்த காலத்தில் அவள் எடுத்து வளர்த்த பூனை அது.

சரி, கண்திருஷ்டிதான் என்று முடிவு செய்தேன். மிளகாயும் கல்லுப்பும் எடுத்து ராணியைச் சுற்றி, காய்ந்த இரும்புச் சட்டியில் போட்டேன். கூரையிலிருந்த புகை அலாரம் அலறியது. செந்தில் ஹெட்போனோடு ஓடி வந்தார். கவிதா துண்டை விசிறினாள்.

“அப்பா! யாரு இதெல்லாம் பண்ணச் சொன்னது? ஃபயர் இன்ஜினே வந்துரும்!”

“இரு கண்ணு, ராணியப் பாரு.”

அலாரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து ராணி நிதானமாகப் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் கைதட்டினேன். காது அசையவில்லை.

மறுநாள் போன கால்நடை மருத்துவமனையில் டாக்டர் ஒரு மதுரைப் பெண். ரத்தம் எடுத்தார். தைராய்டு (கழுத்துச் சுரப்பி, அது அதிகம் சுரந்தாலும் பூனை ஓயாமல் கத்துமாம்), சிறுநீரகம் எல்லாம் சரியாக இருந்தன. காதுதான் போயிருந்தது.

“வயசானா வர்றதுதான் அங்கிள். அது குரல் அதுக்கே கேக்கல, அதான் சத்தமா கத்துது. வீட்டுல ஆள் இருக்கீங்களான்னும் அதுக்குத் தெரியல. ஆமா, யாரு கண்டுபிடிச்சது?”

“நான்தான். மிளகா சுத்திப் போட்டு.”

“இந்த டெஸ்ட்ட எங்க காலேஜ்ல சொல்லித் தரல!” என்று சிரித்தார். “இன்னொரு தடவ பண்ணிடாதீங்க. புகை அது நெஞ்சுக்கு ஆகாது.”

மருந்து இல்லை, பழக்கம்தான் மருந்து என்றார். தீனிக்கு நேரம் வைத்தோம். கத்தி ஓய்ந்த பிறகே தடவிக் கொடுத்தோம். பின்னாலிருந்து தொடுவதை விட்டோம். ராணியின் மெத்தையை, செந்தில் அதன் கண்ணில் படும்படி அவர் மேசை அருகே போட்டோம். மூன்று வாரத்தில் கத்தல் பாதியானது. மாதம் முடிந்தபோது கவிதா தயங்கிக் கேட்டாள்.

“யாருக்குக் குடுக்கறது?”

“எத?” என்றார் செந்தில். ராணி அவர் மடியில் இருந்தது.

எழுபத்திரண்டு வயதுவரை, உள்ளே நுழையும்போதே பேச ஆரம்பிக்கிறவனாக இருந்தேன். இப்போது வாசற்படியில் நின்று குதிகாலால் தரையை இரண்டு முறை அழுத்துகிறேன். அந்த அதிர்வு ராணியிடம் போய்ச் சேரும்வரை காத்திருக்கிறேன். அது திரும்பி என்னைப் பார்க்கிறது. பிறகுதான் உள்ளே போகிறேன்.