வெட்டு மேசைக்கு ஒரு முக்காலி

என் தம்பி துணி வெட்டுபவன். சட்டை தைக்கும் பட்டறையில் தையல்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், வெட்டுபவர் ஒருவர்தான். எங்கள் பட்டறையில் பதினெட்டுத் தையல் எந்திரங்களுக்கு ஒரே ஒரு வெட்டு மேசை. தையலில் பிசகினால் ஒரு சட்டை கெடும், அதையும் பிரித்துத் தைத்துவிடலாம். வெட்டில் பிசகினால் அறுபது சட்டை ஒரே நேரத்தில் போய்விடும். அறுபது அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே அளவு வரைந்த தாளை வைத்து, நிமிர்ந்து நிற்கும் மின்கத்தியை அந்தக் கோட்டின்மேல் ஓட்டுவதுதான் அவன் வேலை. பதினோரு வருடத்தில் அவன் கத்தி கோட்டை விட்டு விலகி நான் கண்டதில்லை. விலகியிருந்தால் முதலில் என் கண்ணில்தான் பட்டிருக்கும். தைத்து வரும் ஒவ்வொன்றையும் நூல் நீக்கிச் சரிபார்ப்பது நான்தான். பட்டறையில் அவனுக்குப் பெயரே மில்லிமீட்டர்.

நான் எட்டாவதோடு நின்றவள். அவன் பத்தாவது முடித்தவன். அம்மா போன பிறகு வீட்டில் நானும் அவனும்தான்.

அவனுக்குக் குடலில் நோய் வந்தது நான்கு வருடத்துக்கு முன்னால். முதலில் வயிற்றுப்போக்கு என்று நினைத்தோம். பிறகு ரத்தம் போனது. ஒரு நாளில் பதினான்கு தடவை போய்வந்தான். வீட்டிலிருந்து பட்டறைக்கு வரும் வழியில் எத்தனை கழிப்பறை, எதற்குத் தாழ்ப்பாள் இல்லை, எதில் தண்ணீர் வராது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. "வழி தெரியாம யாராவது தவிச்சா என்கிட்ட அனுப்பு" என்பான். சிரிப்பதற்கு அப்போது அது ஒன்றுதான் இருந்தது. அறுபத்தெட்டுக் கிலோவிலிருந்து நாற்பத்தொன்பதுக்கு வந்தான். பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்து, குடல் அழற்சி, நாள்பட்டது, மருந்தை விடாமல் எடுக்க வேண்டும் என்றார்கள். மாத்திரை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. அவன் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஊசி போடும் தேதிகளை நான் நாள்காட்டியில் வட்டமிட்டு வைப்பேன், அவன் எனக்கு முன்பே மனதில் வைத்திருப்பான்.

போன வருடம் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டரம்மா படத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். புண் எல்லாம் ஆறி, குடல் இளஞ்சிவப்பாக இருந்தது. ரத்தமும் ஏறியிருந்தது. அன்று அவர் இன்னொன்றும் சொன்னார்.

"குடல் அடங்கியிருக்கு. ஆனா அசதி உடனே போகும்னு எதிர்பார்க்காதீங்க. இந்த நோய் இருக்கிறவங்க நிறையப் பேருக்கு, எல்லாம் சரியா இருக்கிறப்பவும் அசதி இருக்கும். அதுவும் நோயோட பங்குதான்."

நான் தலையாட்டினேன். இளஞ்சிவப்புப் படம்தான் மனதில் நின்றது. மறுநாள் பட்டறையில் பதினெட்டு எந்திரக்காரர்களுக்கும், இஸ்திரிக்காரருக்கும், மேற்பார்வையாளருக்கும் ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்து, "தம்பிக்குக் குணமாயிடுச்சு" என்று சொன்னேன். எல்லோரும் கைகுலுக்கினார்கள். அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றான். சாய்ந்து நின்றதை நான் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை.

எங்கள் வீடு இரண்டாம் மாடியில். முப்பத்தெட்டுப் படி. அவன் ஒன்பதாவது படியில் உட்காருவான், இருபத்து மூன்றாவதில் இன்னொரு முறை. நான் முன்னால் ஏறிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு, கீழே எட்டிப் பார்த்து, "வாடா, என்ன அங்கேயே குடியிருக்கியா?" என்பேன்.

"வாடகை கம்மி அக்கா" என்பான். எழுந்து வர மேலும் ஐந்து நிமிடம் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிநேரம் தூங்குவான். எழுந்ததும் முகம் தூங்காதவன் முகமாக இருக்கும்.

"நல்லாத் தூங்கினியா?"

"தூங்கினேன். தூங்கினதே பெரிய வேலை செஞ்ச மாதிரி இருக்கு."

ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் அரைமணி உட்கார்ந்திருந்தான். பொத்தான் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. எப்படி இருக்கிறது என்று உருப்படியாகச் சொல்லேன் என்று கேட்டேன். யோசித்துச் சொன்னான்.

"நனைஞ்ச துணிக்கட்டைத் தோள்ல தூக்கி வச்சிருக்கிற மாதிரி. இறக்கி வைக்க இடம் தேடித்தேடிப் போறேன். எல்லா மேசையிலயும் ஏதோ இருக்கு."

வெளியில் இதை யாரிடமும் சொல்ல மாட்டான். நேற்றுத் தூக்கமில்லை, தலைவலி, வெயில் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் சொல்வான். வெட்டு மேசைக்காரர் உட்காரக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். நின்றால்தான் கத்தி நேராகப் போகும் என்பார்கள். அதனால் அவன் மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்து நின்று வெட்டினான். மதியம் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்வான். நான் ஒரு கண் வைத்திருந்து, மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் வந்தால் இருமுவேன்.

ஒரு நாள் என் இருமல் போதவில்லை. மேற்பார்வையாளர் அவன் கால்மாட்டில் போய் நின்றார்.

"என்ன மில்லிமீட்டர், நீளத்தைத் தரையில அளக்கறியா?"

அவன் எழுந்துவிட்டான். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பொறுப்பு அவருடையது. மாலையில் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"ஓட்டல் ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. வெல்வெட்ல கையில்லாத கோட்டு, நூத்தியெண்பது. முப்பது அடுக்கு, தாளுக்கு ஆறு கோட்டு. சனிக்கிழமை சாயந்திரம் வெட்டி முடிஞ்சிருக்கணும். முடிஞ்சா மேசை உனக்குத்தான், நான் வாயைத் திறக்க மாட்டேன். முடியலைன்னா பேக்கிங்குக்குப் போயிடு. வெட்டுக்கு வேற ஆள் பார்க்கறேன்."

பேக்கிங் என்றால் நாள் முழுக்கப் பெட்டி தூக்குவது. அவனால் ஒரு வாரம் தாங்காது. பேக்கிங்குக்குப் போ என்பதும் வீட்டுக்குப் போ என்பதும் அவனுக்கு ஒன்றுதான். வெட்டு மேசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. "ஒரு மணிநேரம் கொடு அக்கா, வந்துடறேன்" என்றான். குரல் தலையணைக்குள்ளிருந்து வந்தது. நான் முன்னால் கிளம்பினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. வெட்டுவதை விட விரிப்பதுதான் உடம்பை முறிக்கும். நான்கு மீட்டர் மேசை, முப்பது அடுக்கு, துணிக்கட்டோடு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடக்க வேண்டும். அதை நான் செய்து வைத்துவிட்டால் அவனுக்கு வெட்டு மட்டும்தான் மிஞ்சும்.

இஸ்திரிக்காரரைத் துணைக்கு அழைத்தேன். சட்டைத் துணி விரிப்பதை இருவரும் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறோம், ஆள் குறையும்போது கைகொடுத்தும் இருக்கிறோம். துணியை இந்தக் கோடி வரை இழுத்து, அப்படியே மடித்து அந்தக் கோடிக்குத் திரும்பி, மறுபடி மடித்து, வேகமாகப் போகலாம். ஓரம் ஒரு நூல் பிசகாமல் அடுக்கினோம். மடிப்பில் இரண்டு விரல் துணி கூடுதலாக விட்டேன். ஒன்பது மணிக்கு முப்பது அடுக்கும் புத்தகம் போல இருந்தது.

"உங்க தம்பியே தோத்தான் போங்க" என்றார் இஸ்திரிக்காரர். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தம்பி ஒன்பதரைக்கு வந்தான். மேசையைப் பார்த்து நின்றான். உள்ளங்கையை மேல் அடுக்கில் வைத்துத் தடவினான். பிறகு ஓரத்தைத் தூக்கி, இரண்டாவது அடுக்கைத் தடவினான். மூன்றாவதை, நான்காவதை. கை அங்கேயே நின்றுவிட்டது.

"யார் விரிச்சது?"

"நான்தான். நீ வெட்டினாப் போதும்."

"அக்கா, இங்க தொடு. இப்ப கீழ இருக்கிறதைத் தொடு."

தொட்டேன். முதல் அடுக்கு வாசல் பக்கமாகத் தடவினால் வழுக்கியது. அடுத்தது கவிழ்ந்து கிடந்தது, அடியில் கை விட்டு அதே பக்கம் தடவினால் முரண்டியது. வெல்வெட்டுக்கு ரோமம் ஒரு திசையில் படிந்திருக்கும். அந்தத் திசை மாறினால் நிறமே மாறித் தெரியும். எல்லா அடுக்கும் ஒரே திசையில் இருக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் துணியைக் கோடியில் வெட்டி, கட்டைத் தூக்கிக்கொண்டு தொடக்கத்துக்கே நடந்து வந்து விரிக்க வேண்டும். நான் சட்டைத் துணி போல மடித்து மடித்துப் போட்டிருந்தேன். அப்படியே வெட்டியிருந்தால் பாதிக் கோட்டு கருஞ்சிவப்பாகவும் பாதி வெளிறியும் வந்திருக்கும். சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்து அதை நானே எடுத்து ஒதுக்கியிருப்பேன்.

அவன் திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும். மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

மேற்பார்வையாளர் வந்தார். துணியைப் பார்த்தார், தரையில் இருப்பவனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"குணமாயிடுச்சுன்னு டீ வாங்கிக் கொடுத்தது நீங்கதானே அக்கா? குணமானவனுக்கு எதுக்கு அக்கா வந்து விரிக்கணும்?"

எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"நான் சொன்னது பாதிதான்" என்றேன். "புண் ஆறிடுச்சு, அது நெசம். அசதி ஆறலை. அதுவும் நோய்தான்னு டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க. அதை நான் உங்ககிட்ட சொல்லலை. சொல்ல எனக்கு மனசு வரலை. இவன் சோம்பேறி இல்ல. இந்தத் துணியைக் கெடுத்தது நான்."

"கெடலை" என்றான் தம்பி, தரையிலிருந்து. "மடிப்பை எல்லாம் கோடியில வெட்டிட்டு, ஒண்ணு விட்டு ஒண்ணு கோடிக்குக் கோடி திருப்பிப் போட்டாச் சரியாயிடும். பதினஞ்சு அடுக்குதான். ரெண்டு விரல் கூடுதலா விட்டிருக்கா, அதனால துணி வீணாகாது."

மேற்பார்வையாளர் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "சரி, உனக்கு என்ன வேணும்? நேராச் சொல்லு. தலைவலி, வெயில்னு ஆரம்பிக்காதே."

அவன் மேசைக் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

"விரிக்க ரெண்டு பேர். நான் சொல்ற மாதிரி விரிக்கணும். மதியம் ஒரு மணிநேரம் படுக்கணும், ஒளிஞ்சு படுக்கக் கூடாது. அப்புறம் ஒரு முக்காலி."

"முக்காலியா? வெட்டு மேசையில உட்கார்ந்து வெட்டின ஆளை நான் கண்டதே இல்லையே."

"நானும் கண்டதில்ல."

மேற்பார்வையாளர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "நாளைக்குச் சாயந்திரம் பார்க்கலாம்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பட்டறையில் உயரமான முக்காலி ஒன்றுதான் இருந்தது, அது என்னுடையது. தூக்கிக்கொண்டு போய் வெட்டு மேசைக்குப் பக்கத்தில் போட்டேன். நானும் இஸ்திரிக்காரரும் பதினைந்து அடுக்கைத் திருப்பினோம். ஒவ்வொரு அடுக்குக்கும் அவன் உள்ளங்கையால் தடவி, "ம்" என்ற பிறகுதான் அடுத்தது. இரண்டு இடத்தில் "ம்" வரவில்லை, எடுத்து மறுபடி போட்டோம். அன்று அவ்வளவுதான் முடிந்தது.

சனிக்கிழமை அவன் வெட்டினான். உட்கார்ந்தபடி ஒரு நீளம், பிறகு எழுந்து முக்காலியை நகர்த்தி அடுத்த நீளம். கழுத்து வளைவுகளுக்கு மட்டும் நின்றான். கம்பிக் கையுறைக்குள் இடது கை துணியை அழுத்தியிருந்தது, வலது கையில் கத்தி. முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது, கத்தி மட்டும் கோட்டில் போனது. மதியம் எல்லோர் கண்முன்னாலும் துணிக்கட்டுகளின்மேல் படுத்தான். நான் நாள் முழுக்க நின்றே சரிபார்த்தேன். ஐந்து மணிக்கு என் குதிகால் எரிந்தது. அவன் நான்கு வருடமாக இதைச் சொல்லாமல் நின்றிருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது.

ஐந்தே முக்காலுக்குக் கத்தியை நிறுத்தினான். மேற்பார்வையாளர் மேல் அடுக்கின் முன்பாகத்தையும் அடி அடுக்கின் முன்பாகத்தையும் உருவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வெளிச்சத்தில் பிடித்தார். சுற்றிலும் விரல் ஓட்டினார். இரண்டையும் ஒரே திசையில் தடவினார். எங்கும் நூலளவு நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

துணியை வைத்துவிட்டு முக்காலியைப் பார்த்தார்.

"இது உயரம் பத்தலை. தோளைத் தூக்கி வெட்டறே. மூணு காலுக்கும் கட்டை வைக்கச் சொல்றேன், திங்கட்கிழமை இருக்கும்" என்றார். பிறகு என்னிடம், "உங்களுக்கு வேற ஒண்ணு பார்க்கணும் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு நடந்தோம். அவன் ஒன்பதாவது படியில் உட்கார்ந்தான். நான் மேலே போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். படி குளிர்ந்திருந்தது.

"நீ போ அக்கா. கதவைத் திறந்து வை."

"கதவு எங்க போயிடப் போகுது."

"நாளைக்கு முழுக்க எழுந்திரிக்க மாட்டேன். திங்கட்கிழமையும் இப்படித்தான் இருக்கும்."

"தெரியும்."

அவன் கைப்பிடிக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டான். கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். இன்னும் இருபத்தொன்பது படி இருந்தது. நான் எண்ணிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எண்ணாதே" என்றான். "எண்ணினா ரெண்டு கூடுது."

நான் எண்ணுவதை நிறுத்திவிட்டு, அவன் எழும்வரை உட்கார்ந்திருந்தேன்.