இருபத்தொரு நாள் இருப்பு

வெளியுறவு அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில், அண்டை நாடுகள் பிரிவில், முப்பது வருடம் குறிப்பு எழுதியவர் அவர். எந்த நாட்டுக்கு எத்தனை டன் கோதுமை போகிறது, எத்தனை லாரி டீசல் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். அதனால் அலுவலகத்தில் அவர் பெயரே 'புள்ளிவிவரம்' என்று ஆகிவிட்டது. ஒரு தடவையாவது மேலிடத்தின் பார்வை தன்மேல் விழாதா என்று அவருக்கு உள்ளுக்குள் ஏக்கம். விழுந்தது. விழாமலே இருந்திருக்கலாம்.

அந்த வருடம் பக்கத்து நாடு, தன் பழைய ராணுவ முகாம் ஒன்றைத் தொலைதூரத்து வல்லரசுக்குக் குத்தகைக்கு விடப் போவதாகச் செய்தி வந்தது. கடலும் இல்லாத, சொல்லிக்கொள்ளும்படி விமான நிலையமும் இல்லாத சின்ன நாடு அது; எந்தச் சரக்கும் நம் எல்லை வழியாகத்தான் போக வேண்டும். புது இயக்குநர் பிரிவைக் கூட்டினார்.

"படையை வெச்சு மட்டும் யாரும் வட்டாரத்துல பெரிய ஆள் ஆயிட முடியாது. பக்கத்துல இருக்கிறவன் நம்மளைக் கேக்காம ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. நாம எல்லைக் கதவைச் சாத்தினா எத்தனை நாள் தாங்குவாங்க? எனக்கு அது தெரியணும்."

கோதுமையும் டீசலும் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. மருந்து இருப்புதான் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு நம்மவருக்குத் தெரியும். அவருடைய அக்கா வாழ்க்கைப்பட்டது அந்த நாட்டில்தான். அங்கே தலைநகர் அரசு மருத்துவமனையில் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர். ஞாயிறுதோறும் தொலைபேசியில் புலம்புவாள். "இன்சுலின் இருபத்தொரு நாளைக்குத்தான் இருக்கு தம்பி. நாடு முழுக்க இதே கதைதான். ஒரு லாரி தாமதமானாலும் போச்சு."

அதை அப்படியே எழுதினார். ஆதாரம் என்ற கட்டத்தில் 'நம்பத்தகுந்த வட்டாரம்' என்று போட்டார். கூடப்பிறந்தவளை இரண்டே சொல்லில் அடக்கிய கெட்டிக்காரர். இயக்குநர் பச்சை மையில் அடிக்கோடிட்டு, "பிரமாதம்" என்றார். அன்று மாலை நம்மவர் தன் வீட்டுக்கு இனிப்போடு போனார்.

அடுத்த வாரமே, சாலைப் பராமரிப்பு என்று சொல்லி எல்லைக் கதவை மூடினார்கள். பதினெட்டாம் நாள் அக்கா அழைத்தாள்.

"தம்பி, நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே. யார்கிட்டயாவது சொல்லிப் பாரேன்."

"நான் வெறும் எழுத்தர்க்கா. என் பேச்சு யார் காதுல ஏறும்?"

அந்தக் கட்டடத்தில் அந்த மாதம் காதில் ஏறிய ஒரே பேச்சு தன்னுடையதுதான் என்று அவருக்குத் தெரியும். போனை வைத்தார். இயக்குநர் அறைக்குப் போனாரா என்றால், இல்லை. பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

இருபத்தாறாம் நாள் பக்கத்து நாடு கையெழுத்துப் போட்டது: இனி வெளியார் யாருக்கும் இடம் கொடுக்கும் முன் நம்மைக் கேட்கும். அன்றே எல்லைக் கதவு திறந்தது. வட்டாரத்துக்கே நாம்தான் இனி மூத்த அண்ணன் என்று பத்திரிகைகள் கொண்டாடின. அவருக்குத் தனி அறை கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தான் ஊன்றுகோலில் வந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"சர்க்கரை ஏறி, புண்ணு புரையோடிடுச்சு மச்சான்," என்றார், யாருக்கோ நடந்ததைப் போல. "கிடங்குச் சாவி உங்க அக்கா கையிலதான் இருந்துச்சு. கடைசி மருந்தைக் குழந்தைங்க வார்டுக்குக் குடுத்துட்டா. நானும் கேக்கலை."

சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று நம்மவர் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ யார்கிட்டயோ பேசியிருக்கே. வெளியில சொல்ல முடியாது, அது எனக்குப் புரியுது. நீ பேசலேன்னா கதவைத் திறந்திருப்பாங்களா? இவரு ஒரு காலோட தப்பிச்சதே உன்னாலதான் தம்பி."

அத்தானும் நன்றியோடு தலையாட்டினார்.

"என்னால முடிஞ்சதைச் செஞ்சேன்க்கா," என்றார் அவர்.