என் தலையில் ஏறிய விளக்கு

விளக்கு வைக்கிற நேரம் வந்தால் என் கணவர் என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார். அடித்துத் துரத்துவார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கை நீட்டுகிற பழக்கம் அவருக்கு எந்நாளும் கிடையாது. மரியாதையாகத்தான் சொல்வார்.

"ஏம்மா, பொழுது போயிடுச்சி பாரு. கெளம்பு. உங்க ஊட்டுல தேடிக்கினு இருப்பாங்க."

எந்த ஊட்டில், யார் தேடுவார்கள்? எனக்கு இருக்கிறதே இந்த ஒரு வீடு. பிள்ளையார்பாளையத்தில் இந்த வாசற்படி மிதித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் அவர் பெண்டாட்டி. அது அவருக்கு மறந்துபோய்விட்டது. மூளை சுருங்கிக்கொண்டே வருகிற நோய், மருந்து கொடுத்தாலும் பழையபடி திரும்பாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் விடுவார்களா? வல்லாரைக் கீரை கொடு என்றார்கள், பாதாம் ஊறப்போட்டுக் கொடு என்றார்கள். கொடுத்துப் பார்த்தேன். மனுஷன் ஒரு சுற்று பெருத்தார், அவ்வளவுதான்.

அவர் என்னை யார் என்று நினைத்துக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் இரண்டையும் நெய்யும்போதே கோத்துக்கொண்டு போக வேண்டும். அதைத்தான் கோர்வை என்கிறோம். அது ஒரு ஆளால் ஆகிற காரியமில்லை. நெய்கிறவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரைக்கு உண்டான நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளிவிட வேண்டும். எங்கள் தெருவில் அந்த இன்னொரு ஆள் பாதி வீட்டில் பெண்டாட்டி, மீதி வீட்டில் கூலிக்கு வருகிற பெண். இத்தனை வருஷமும் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளியவள் நான். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள் என்பது அவருக்கு ஞாபகத்தில் நின்றுவிட்டது. அவளுக்குத் தாலி கட்டியது நிற்கவில்லை. ஆகையால் நான் கோர்வைக்கு வருகிற கூலிப் பெண்ணாகிவிட்டேன்.

தறியில் பூட்டியிருந்த பாவு நூலை முதலாளி ஆள் விட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், இவர் நெய்த கடைசிப் புடவையை நான் பார்த்தேன். பாவு போனாலும் இவர் காலையில் எழுந்து வெறும் தறியில் போய் உட்கார்ந்துவிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேறு தறிக்காரர்களுக்கு, நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பேன். பகலெல்லாம் எங்களுக்குள் ஒரு வம்பும் இல்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், "நீ சாப்ட்டியாமா?" என்று கேட்பார். பெண்டாட்டியாக இருந்த காலத்தில் அதை ஒரு நாளாவது கேட்டிருப்பாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

பொழுது சாய்ந்தால்தான் ஆரம்பிக்கும். பெண்டாட்டி இல்லாத வீட்டில், விளக்கு வைத்த பிறகு, கூலிக்கு வந்த பொம்பளை இருக்கலாமா? அவருடைய நியாயம் அது.

"என் சம்சாரம் முசரவாக்கத்துக்குப் போயிருக்கா. இப்ப வர்ற நேரம். வந்து பாத்தா என்னைப் பத்தி இன்னா நெனப்பா, சொல்லு?"

அந்தச் சம்சாரம் நான்தானய்யா! முசரவாக்கம் நான் பிறந்த ஊர். ஆடி மாசம் அங்கே போனாலே இரண்டு நாளைக்கு மேல் என்னை விடாத மனுஷன், இப்போது என்னை அங்கேயே வைத்துவிட்டு, இங்கே என்னையே வெளியே தள்ளுகிறார். கல்யாணப் போட்டோவைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினேன். உற்றுப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இவதான். எவ்ளோ லட்சணமா இருக்கா பாரு" என்றார். போட்டோவைப் பத்திரமாக வாங்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சரி, நீ கெளம்பு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் போட்டோவில் இருக்கிறவள்மேல் எனக்கு வந்த பொறாமை, எந்தச் சக்களத்திமேலும் யாருக்கும் வந்திருக்காது.

கொஞ்ச நாள் ஏமாற்றிப் பார்த்தேன். "வரேன்பா" என்று சொல்லி வாசல் வழியாகப் போய், சந்தில் சுற்றிக்கொண்டு பின்கட்டு வழியாக உள்ளே வந்துவிடுவேன். சமையற்கட்டில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பேன். திருடி மாதிரி என் வீட்டுக்குள்ளேயே. அதுவும் எத்தனை நாள் செல்லும்? ஒரு நாள் என்னை அங்கே பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனார். கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்குக் குடும்பம் இருக்குதுமா, உனக்குப் புண்ணியமாப் போவட்டும், போயிடு" என்றார். அன்றிலிருந்து பின்கதவையும் தாழ் போட ஆரம்பித்தார்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், இரண்டு கதவும் தாழ். நான் தெருவில் நிற்கிறேன். உள்ளே அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தேன். தட்டினேன், கத்தினேன், "யாரும் இல்ல, காலைல வா" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக கேஸ் வாடை. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கடப்பாரை கொண்டு வந்து தாழ்ப்பாளைப் பெயர்த்தார். பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடந்தது. அறை முழுக்க கேஸ். இவர் தறியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்து, "கதவை ஏம்பா ஒடச்ச?" என்று கேட்கிறார்.

மறுநாளே மகன் வந்துவிட்டான். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, ஷிப்ட், பெண்டாட்டி, பிள்ளை, அங்கேயே வாடகை வீடு. அவன் கெட்டவன் இல்லை. அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"அம்மா, ப்ராக்டிகலா யோசிமா. அப்பாவ ஹோம்ல சேத்துடலாம், நர்ஸ் இருப்பாங்க, டாக்டர் வருவாரு. நீ டெய்லி தெருவுல நிப்பியா? நேத்து நெருப்பு புடிச்சிருந்தா?"

"பகல்ல நல்லாத்தான்டா இருக்காரு."

"சாயங்காலமும் இருக்கணும்லமா?"

 பெண்டாட்டியே அன்னியப் பொம்பளை என்று கூசுகிற மனுஷன், ஹோமில் யாரோ ஒருத்தி வேட்டியை மாற்ற வந்தால் என்ன பாடுபடுவார் என்று நினைத்தேன். கார்த்திகை போகட்டும் என்று கெஞ்சினேன். "சரி, கார்த்திகை வரைக்கும். அதுக்கப்புறம் நான் சொல்றத கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதுவரைக்கும் சாயங்காலத்தில் ஆட்டோக்காரர் வந்து இவரோடு உட்கார்ந்திருந்தார். இவர் தூங்கியதும் கதவைத் திறந்துவிடுவார், நான் உள்ளே போய்ப் படுப்பேன். ஊரார் உதவி எத்தனை நாளைக்கு?

கார்த்திகை என்று நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் தலையில் என்ன வியாதி வந்தாலும், ஒற்றைத் தலைவலியோ, காதுவலியோ, புத்தி தடுமாற்றமோ, கார்த்திகை ஞாயிற்றுக்கிழமையில் ராஜவீதிச் சிவன் கோயிலுக்குப் போய் மண்டை விளக்கு எடுப்பார்கள். அரிசி மாவில் விளக்குச் செய்து, புது மண்சட்டியில் வைத்து, நெய் ஊற்றி ஏற்றி, சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வர வேண்டும். கடைசி ஞாயிறு என்றால் தெருவெல்லாம் தலையும் விளக்கும்தான். அங்கே தலையில் சட்டி இருந்தால் யாரும் என்ன ஏது என்று கேட்க வேண்டியதில்லை, அந்தத் தலைக்குத்தான் கோளாறு. இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கும் அது தெரியும். எதிர்வீட்டுக்காரி ஒரு மாசமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்: "அக்கா, மாமாவுக்கு விளக்கு எடுக்க வெய்யி. டாக்டர் கெடக்குறாரு."

கடைஞாயிறு அன்று விடியற்காலை அவரைக் குளிக்க வைத்து, ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். சமர்த்தாக வந்தார். சட்டி வாங்கி, விளக்கை ஏற்றி, சும்மாடு சுற்றித் தலையில் வைக்கப் போகிறேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு எதுக்கு? என் மண்டை நல்லாத்தான் இருக்குது."

"சும்மா ஒரு சுத்து. சாமிக்கு."

"நல்லா இருக்கறவன் எடுத்தா சாமிய கேலி பண்ற மாதிரி. வாணாம்."

அப்பப்பா, அந்தக் கூட்டத்தில் அவரோடு மல்லுக்கட்டிப் பார்த்தேன். பின்னால் நெருக்குகிறார்கள், நெய் கையில் வழிகிறது, இவர் உதட்டை இறுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிற பிள்ளை மாதிரி நிற்கிறார். எனக்குப் பின்னால் சட்டியோடு நின்ற ஒரு அம்மா, "நீயே எடுத்துடுமா. ஊட்டுக்காரருக்காகப் பொண்டாட்டி எடுத்தா சாமி வாணாம்னா சொல்லப்போவுது?" என்றார். வேறு வழியில்லை. சட்டியைத் தூக்கி என் தலையில் வைத்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகம் அப்படியே மாறிவிட்டது.

"அடப் பாவமே" என்றார். "உனக்காமா? எப்பலேருந்து? ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "வழி விடுங்கப்பா, ஒடம்பு சரியில்லாத பொம்பள வர்றாங்க" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். படி வந்தால் படி என்றார், தண்ணீர் சிந்தியிருந்தால் பார்த்து என்றார். பக்கத்தில் நடந்து வந்த யாரோ ஒருவரிடம் என்னை ஜாடை காட்டி, "நம்ம தறிக்குக் கோர்வைக்கு வர்ற பொண்ணு. தங்கமானவ. புத்திதான் கொஞ்சம் பெசகிடுச்சி" என்றார். அந்த ஆளும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார். சட்டியை இறக்கி இவர் தலையிலேயே கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

சந்நிதிக்கு நேரே நிற்க வைத்தார். கையைத் தலைக்குமேல் தூக்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தப் பொண்ணுக்கு சொஸ்தமாக்கிக் குடுப்பா. அதுக்கு யாருமில்ல போலருக்குது" என்று வேண்டினார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில், அவருக்காக வேண்ட வந்த நான் வேண்டவே மறந்துபோனேன்.

வீட்டுக்கு வந்தால் மகன் உட்கார்ந்திருந்தான். கடைஞாயிறு முடிந்தது, முடிவு கேட்க வந்திருக்கிறான். "மாற்றம் ஏதாவது தெரியுதாமா?" என்றான். தெரியவில்லை என்றேன். பொய் சொல்லி ஆகப்போவது என்ன? ஹோம்காரர்களிடம் பேசி வைத்திருப்பதாகச் சொன்னான். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

இருட்டியது. சாமி மாடத்தில் விளக்கேற்றிவிட்டு, வழக்கமாக வரும் வார்த்தைக்காகச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து வந்தார். என் காலைப் பார்த்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஊட்டுக்குத்தான்."

"இந்த நெலமையிலயா? உன்ன மாதிரி இருக்கறவங்கள இருட்டுல தனியா அனுப்புனா அந்தப் பாவம் என்னை சும்மா வுடுமா? இங்கயே இரு. என் சம்சாரம் வந்தா நான் சொல்லிக்கிறேன்." என்னை உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்டார். பாயை எடுத்து எனக்குப் போட்டுவிட்டு, அவர் தறிப் பக்கம் போய்த் துண்டை விரித்துக்கொண்டார்.

மகன் திகைத்துப்போய், "இன்னாமா இது?" என்றான்.

"எனக்குப் பைத்தியமாம்டா" என்றேன். சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். போகும்போது ஹோம் பேச்சை எடுக்கவில்லை. "பாக்கலாம்மா" என்று மட்டும் சொன்னான்.

அதிலிருந்து நான் நோயாளி. சாமி அவர் வியாதியைத் தீர்க்கவில்லை, எனக்கு ஒன்றைக் கொடுத்து வீட்டுக்குள் வைத்திருக்கிறார். சாயங்காலம் சில நாள் அவருக்குச் சந்தேகம் வரும், "நீ இன்னும் போவலியா?" என்பார். உடனே தலையைப் பிடித்துக்கொண்டு, "இது எந்தத் தெருபா?" என்று கேட்பேன். மனம் இளகிவிடும். பொறுமையாக உட்கார்ந்து சொல்வார், அவர் சொல்கிற தெருப் பெயரே தப்பாக இருக்கும். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவேன். எதிர்வீட்டுக்காரி, "பலிச்சுதாக்கா?" என்றாள். பலித்தது என்றேன். வேறென்ன சொல்ல? நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, விளக்கு வைத்ததும் புத்தி கெட்டவளாக வேஷம் கட்டுவது லேசில்லை. நிஜமாகவே மறந்துவிட்டால் தேவலை என்று அலுத்துப்போய்ச் சில நாள் தோன்றும்.

போன வாரம் ஒரு சாயங்காலம். இட்லி வைத்தேன். பிட்டுப் பிட்டு என் தட்டில் பாதியை வைத்தார். வெகு நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காத. உனக்கு ஊட்டுக்காரர் இருக்காரா?"

"இருக்காருபா."

"இருக்காரா? இருந்துமா உன்ன இப்டி அம்போன்னு வுட்டுட்டாரு?"

இத்தனை நாளாக வந்தவர் போனவர் எல்லாம் அவரைத்தான் விசாரித்தார்கள். என்னைப் பற்றி ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.  முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் பதறிப்போய்த் தோள் துண்டை எடுத்து நீட்டினார்.

"அழாதம்மா. நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு, உன்னப் பாத்தாலே தெரியுது. எங்கயோ வழி தெரியாம நின்னுக்கினு இருப்பாரு. வந்துடுவாரு."

"வருவாராபா?" என்று கேட்டேன்.

"வருவாரும்மா" என்றார். அவர் சொல்லி நான் நம்பாமல் இருந்ததில்லை. அன்றைக்கும் ஒரு நிமிஷம் நம்பினேன்.