அக்யூட்டா, க்ரானிக்கா?

தேவசேனா திருப்பதி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தம்பி தணிகைவேல், வீட்டில் முதன்முதலாக என்ஜினியரிங் முடித்தவன். அவனைப் பற்றிப் பேசாமல் புத்தூர் கடைத்தெருவில் அவள் ஒரு முழம் பூ வாங்கியதில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு நடந்தே காவடி எடுத்துப் போய் வந்தவனுக்கு, நேற்றிலிருந்து சிறுநீர் பிரியவில்லை.

"கிட்னி ரெண்டும் நின்னுபோச்சு. அக்யூட்டா க்ரானிக்கான்னு தெரியணும்" என்று டாக்டர் ஸ்வர்ணலதா காலையில் சொல்லியிருந்தார்.

மருந்துக் கடையில் வேலை பார்த்த சிட்டிபாபு மாமா அவளை ஓரமாக அழைத்தார். "அக்யூட்டுன்னா ரொம்ப சீரியஸ்மா. க்ரானிக்கா இருக்கணும்னு முருகன வேண்டிக்கோ."

அவளும் அப்படியே வேண்டிக்கொண்டாள். ஆனாலும் மனம் கேட்காமல், வெளியே வந்த டாக்டரிடம் கேட்டுவிட்டாள்.

"தலைகீழா வேண்டிக்கினு இருக்கியேம்மா! அக்யூட்டுன்னா திடீர்னு வந்தது. உயிருக்கே ஆபத்தா இருக்கலாம், ஆனா சரியாக வழி உண்டு. க்ரானிக்குன்னா வருஷக்கணக்கா உள்ளயே கெட்டுக்கினு வந்தது. அத பழையபடி ஆக்க முடியாது." டாக்டர் நின்றார். "திடீர்னு வர காரணம் எதுவும் தெரியலயே. மாத்திரை எதுவும் போடலன்றான்."

தேவசேனாவுக்கு அது நினைவுக்கு வந்தது. காவடிக்குக் கட்டிய மஞ்சள் வேட்டியைத் துவைக்கும்போது, முடிச்சில் வலி மாத்திரையின் காலி அட்டை இருந்தது. இப்போது பக்கத்தில் நின்றிருந்தவர் நைனா, அப்பா வேதாச்சலம். வெறுங்காலோடு இருபது வருஷம் காவடி எடுத்தவர்.

"போட்டான், டாக்டரம்மா. கால் வலிக்கு. தண்ணிகூடக் குடிக்காத விரதம். அட்டை பூரா காலி."

"காவடி எடுத்தவன் மாத்திரை துன்வானா? ஊர்ல இன்னா சொல்வாங்க?" நைனா அவள் பக்கம் திரும்பினார்.

"ஊர் கெடக்கட்டும் நைனா. அவன் பொழைக்கணும்."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு உள்ளே போனார். கதவு திறப்பதற்குள் தேவசேனா வேண்டுதலை மாற்றிக்கொண்டாள். பழைய வேண்டுதலை முருகன் காதில் வாங்கியிருக்கக் கூடாதே என்று அதற்கும் சேர்த்து வேண்டினாள்.

"கிட்னி சுருங்கல, அளவு சரியாருக்கு. அக்யூட்தான். தண்ணி குடிக்காம போட்ட வலி மாத்திரைதான் கிட்னிய அடிச்சிருக்கு. ரெண்டு நாள் பாக்கலாம். அதுக்குள்ள யூரின் இறங்கலன்னா டயாலிசிஸ்."

நைனா மகளின் கையைப் பிடித்தார். "அக்யூட்டுன்னா நல்லதா, தேவசேனா?"

"நல்லது இல்ல நைனா. புதுசு."

தள்ளுக்கட்டிலில் தம்பி வந்தான். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் குனிந்து, கட்டிலின் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே கட்டிலோடு நடந்தாள்.